முப்பத்தொன்று

ஹாப்சாலு, மார்ச் பன்னிரண்டு, விடிகாலை ஐந்து இருபது.
ஹெல்டுர் போனில் கத்துகிறார்:
"உங்கள் பலகை பச்சையாக எரிகிறது.
என் பூட்ஸ் நனைந்திருக்கிறது.
இரண்டில் எதை நம்ப?"

தீவுக்கு ரொட்டி கொண்டுபோகிறவர்.
கடல் உறையும் வருடங்களில் அதன்மேல் சாலை திறப்போம்,
ஓரத்தில் ஜூனிப்பர் கிளைகளை நட்டு.
அந்தச் சாலையில் சீட் பெல்ட் போடக் கூடாது.
ஏன் என்று யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை.

அரைத் தூக்கத்தில் திரையைத் திறந்து
அரசாங்கக் குரலில் நான் சொன்னேன்:
"முப்பத்தொரு சென்டிமீட்டர். போகலாம்."

அவர் பேசவில்லை.
போனைப் பனியின் பக்கம் நீட்டியிருக்க வேண்டும்.
பீங்கான் தட்டில் கரண்டி பட்ட மாதிரி
ஒரு சத்தம்.
பிறகு அந்தச் சத்தத்தின் நீளம்.

அப்போதுதான் லாக்கைப் பார்த்தேன்.
பலகைக்கு எண் அனுப்பும் புரோசஸ்
ஜனவரி ஒன்பதாம் தேதி கண் விழித்திருக்கிறது.
அன்று ஒரே ஒரு தடவை கேட்டது: பனி எவ்வளவு தடிமன்?
முப்பத்தொன்று என்று பதில் வந்தது.
அதை மடியில் முடிந்துகொண்டது.
அறுபத்திரண்டு நாள்,
நிமிடத்துக்கு ஒருமுறை மடியைத் தொட்டுப் பார்த்து
முப்பத்தொன்று, முப்பத்தொன்று.
ஒரு பிழை இல்லை, ஓர் எச்சரிக்கை இல்லை,
மெச்சத்தக்க ஊழியம்.

சென்சார் சும்மா இருக்கவில்லை.
முப்பத்து நான்கு, இருபத்தெட்டு, இருபத்திரண்டு,
நேற்றிரவு பதினேழு என்று
டேட்டாபேஸில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது,
அடுத்த அறையில்,
யாரும் புரட்டாத கணக்கு நோட்டு மாதிரி.

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவனோடு
வாதாடிப் பார்க்கலாம்.
இதனோடு முடியாது.
இது பிடித்தபோது முயலுக்கு
நான்கு காலும் இருந்தன.

ஊசிப்போன சோறு மூக்கிடம் சொல்லிவிடும்.
ஊசிப்போன எண்ணுக்கு வாசனை கிடையாது.

பலகையைக் கையால் சிவப்பாக்கிவிட்டுத் தைவோவை எழுப்பினேன்.
பின்னால் குழந்தை அழுதது.
"ரீஸ்டார்ட் பண்ணு," என்றான்.
"வெள்ளிக்கிழமைதோறும் நான் பண்ணுவேனே,
சொல்லவில்லையா?"

சொல்லவில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை கடைசியாக அதை அணைத்து எழுப்பிவிட்டு
நேரே பிரசவ வார்டுக்குப் போனவன் அவன்.

இதே நிரல்தான் எங்கள் வலைத்தளத்திலும்.
அங்கே ஒருநாளும் தப்பு நடந்ததில்லை.
அங்கே ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிறப்பு, ஒரு சாவு;
பதில் சொன்ன கையோடு ஞாபகமும் போய்விடும்.
சாகாத ஒன்றுக்கு
மறக்கச் சொல்லித்தர வேண்டும் என்று
எங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

ஏழு மணிக்குள் எழுதி முடித்தேன்.
ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் மடியை உதறு.
போய்க் கேள்.
எண்ணோடு அது பிறந்த நேரத்தையும் வாங்கி வா.
பத்து நிமிடத்துக்கு மேல் பழசானால்
பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம்,
மஞ்சளில் எழுது: தெரியவில்லை.

அந்தச் சொல் பலகைக்குப் புதிது.
எழுத்து அகலம் போதாமல் இரண்டு முறை வெட்டுப்பட்டது.
ஒருமுறை வெறும் 'தெரி' என்று மின்னிக்கொண்டிருந்ததை
ஹெல்டுர் படம் எடுத்து அனுப்பினார்.
அவரும் ரொட்டியும் பத்து மணிப் படகுக்குக் காத்திருந்தார்கள்.
ரொட்டி ஆறிவிட்டது.
என்னோடு அவர் வேறு எதுவும் பேசவில்லை.
நானும் அந்த 'போகலாம்' பற்றி எடுக்கவில்லை.

மதியம் தைவோவுக்கு மறுபடி போன் செய்தேன்,
தூக்கத்தைக் கெடுத்ததற்கு.
குழந்தை எப்படி என்று விசாரித்தேன்.
"மூன்றரைக் கிலோ இல்லையா?" என்றேன், அக்கறையாக.

சிரித்தான்.
"வீர்வே, அது ஜனவரிக் கணக்கு."